உப்பு அறையும் இன்ஹேலரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மூச்சுத் தொந்தரவுக்கு உப்பு சிகிச்சை என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நானே என் மனைவியோடு ஏழு முறை அப்படி ஓர் அறையில் போய் உட்கார்ந்து வந்தவன்.

அவளுக்கு இருபது வருஷமாக வீசிங். போகி முடிந்து ஒரு வாரம் ஜன்னலைத் திறக்க மாட்டோம். யாரோ சொல்லிப் பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினோம். ஏசி அறை, தரையெல்லாம் உப்பு, சுவரில் ரோஸ் கலர் கல், சாய்வு நாற்காலி, மெல்லிசாக ஒரு பாட்டு. முக்கால் மணி நேரம் நான் நன்றாகத் தூங்கினேன், அதை மறுக்க மாட்டேன். சுவரில் இருக்கிற கல் சும்மா அழகுக்குத்தான், உப்பைப் பொடித்துக் காற்றில் ஊதுவது ஒரு மெஷின். அந்தக் கல்லும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற நம்ம இந்துப்பு வகைதான்.

1843-ல் போலந்தில் போச்கோவ்ஸ்கி என்ற டாக்டர் வியலிச்கா சுரங்கத்து உப்புக் காற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார், சரி. அது பூமிக்கடியில், புகையும் மகரந்தமும் எட்டாத குளிர்ந்த இடம். இங்கே கதவைத் திறந்து வெளியே வந்தால் பேருந்துப் புகை, காற்று திரும்பினால் மணலி ஆலைகளின் வாடை. உப்புக் காற்றிலேயே மூச்சு சரியாகிவிடும் என்றால் மரக்காணம் உப்பளத்தில் ஒருவருக்கும் இழுப்பு இருக்கக் கூடாதே!

இதெல்லாம் போகட்டும். வரவேற்பில் இருந்த பெண், "இனிமே இன்ஹேலரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சுக்கலாம்மா" என்றாள். இவளும் தினமும் காலையும் இரவும் எடுக்கிற மருந்தை நிறுத்திவிட்டாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மருந்து மூச்சுக்குழாய் வீக்கத்தை மெதுவாக அடக்குவது. எடுத்தவுடன் ஒன்றும் தெரியாது, விட்டவுடனும் தெரியாது, அதனால்தான் எல்லோரும் முதலில் அதைத்தான் விடுகிறார்கள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன், வழியெல்லாம் அவளால் ஒரு வார்த்தை முழுசாகப் பேச முடியவில்லை. நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, விடியும்போதுதான் மூச்சு நிலைக்கு வந்தது.

அங்கே டாக்டர் திட்டவில்லை. சளியை இளக்க உப்புத் தண்ணீர் ஆவியை நாங்களே சில நோயாளிகளுக்குக் கொடுப்போம், ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அதே உப்பு மூச்சுக்குழாயைச் சுருக்கவும் செய்யும், ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனைக்கே உப்புக் கரைசல் உண்டு என்றார். அறையை விட்டு வரும்போதெல்லாம் இவள் ஏன் இருமினாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தூங்கிவிட்டு வர ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள், அதுவும் தலைப்புக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில்.

மிச்சம் மூன்று சிட்டிங்குக்குப் பணம் திருப்பித் தர மாட்டார்களாம். வேண்டுமானால் நான் போய்த் தூங்கிக்கொள்ளலாமாம்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர், சென்னை