தாவர ‘எக்சோசோம்’ போத்தல்கள் குறித்துத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகின்றேன். எங்கள் ஒழுங்கையில் பெரியவர் ஒருவர் வாய்ப்புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்று வருகின்றார். வெற்றிலையும் புகையிலையும் ஓயாதிருந்த வாய் அது. வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சியைக்கூட விழுங்க முடியாதிருக்கும் அவருக்காக, முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்துத் தருவித்த ‘திராட்சை எக்சோசோம்’ போத்தலுடன் அவருடைய மகள் சென்ற மாதம் என்னிடம் வந்து, “மாமா, இதை அப்பாவுக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டார். விடை சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடக்கூடிய விடயமாக இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். தாவரக் கலங்கள், கொழுப்புப் படலத்தால் சூழப்பட்ட மிக நுண்ணிய பைகளை உண்டாக்குகின்றன; ‘எக்சோசோம்’ என்ற பெயரில் விற்கப்படுபவை இவையே. பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு நானோமீற்றர் வரையான அவற்றினுள்ளே புரதங்களும் மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.யின் சிறு துண்டுகளும் அடங்கியிருக்கும். திராட்சையிலிருந்து பிரித்த இப்பைகள் எலிகளின் குடல் மூலக்கலங்களுக்குள் நுழைந்து அவற்றின் பெருக்கத்தைத் தூண்டி, செயற்கையாக ஏற்படுத்தப்பட்ட பெருங்குடல் அழற்சியிலிருந்து காத்ததாக 2013இல் ஆய்வு முடிவு வெளியானது. அதே ஆண்டில் கிறேப்புரூட் பழத்தின் நுண்பைக் கொழுப்பைக் கொண்டு மருந்துகளைச் சுமக்கும் கலன்கள் அமைக்கப்பட்டன. 2018இல், இஞ்சியின் நுண்பைகளில் உள்ள ஆர்.என்.ஏ.யைக் குடலில் வாழும் லக்டோபசிலசு பற்றீரியாக்கள் உள்வாங்குவது காட்டப்பட்டது. அம்மியில் இடித்துப் பிழிந்த இஞ்சிச் சாற்றிலும் இப்பைகள் இருக்கத்தான் செய்யும் என்பதால், போத்தலில் அவை உள்ளன என்று விற்பவர் சொல்வது பொய்யாக இராது. ஆனால் எவ்வளவு, எந்தத் தூய்மையில், எந்த நோய்க்கு என்ற கேள்விகளுக்குத்தான் விடையில்லை.

விளம்பரம் காட்டும் சான்றும் இல்லாத ஒன்றல்ல. கதிர்ச்சிகிச்சையுடன் மருந்துச் சிகிச்சையும் பெறும் தலை, கழுத்துப் புற்றுநோயாளரின் வாய்ப்புண்ணைத் திராட்சை நுண்பைகளால் தடுக்க இயலுமா என்று பார்ப்பதற்கு, அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பரிசோதனை ஒன்று பதிவாகியுள்ளது. பரிசோதனை பதிவாவது வேறு, மருந்து அங்கீகாரம் பெறுவது வேறு. அந்த வேறுபாட்டைத்தான் விளம்பரம் மறைத்துவிடுகின்றது.

தயாரிப்பிலும் சிக்கல் உண்டு. பழத்தைப் பிழியும்போது கலங்கள் உடைவதால், கலம் தானாக வெளியிட்ட பைகளும் உடைவில் உருவான துணுக்குகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் ‘எக்சோசோம் போன்றவை’ என்று தயங்கி எழுதுவதற்கு இது ஒரு காரணம். புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 100,000 மடங்கு விசையில் சுழற்றிப் பிரித்தெடுத்து, பெரும்பாலும் மறை 80 பாகை செல்சியசில் வைத்துத்தான் ஆய்வுகூடங்கள் அவற்றைப் பேணுகின்றன. மகள் கொண்டுவந்த போத்தலோ, கொழும்பிலிருந்து பஸ்ஸில், எங்கள் சித்திரை வெயிலில், கடதாசிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. அதன் சிட்டையில் துணிக்கை எண்ணிக்கையோ பருமனோ சேமிப்பு வெப்பநிலையோ நுண்ணுயிர்ச் சோதனைத் தகவலோ இல்லை. திறந்த புண்ணுள்ள வாய்க்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றும், புற்றுநோய் மருத்துவரிடம் போத்தலோடு போகுமாறும் சொன்னேன்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் மட்டுமன்றி, மருந்துக்கும் பிறவற்றுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருட்களையும் உங்கள் பொறுப்பில் விட்டிருக்கின்றது. உணவென்றும் அழகுசாதனமென்றும் மருந்தென்றும் இடத்துக்கு ஏற்ப வேடம் மாறும் இந்தப் போத்தல்கள் அந்த வகைக்குள் வருமா என்பதை அதிகாரசபை தெளிவாக அறிவிக்க வேண்டும். நோய் தீர்க்கும் என்று சிட்டையில் எழுதும் எவரும் மேற்கூறிய தகவல்களைச் சமர்ப்பிக்கும்வரை விற்பனைக்கு இடமளிக்கலாகாது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் எங்கள் மஞ்சளை எடுத்து முறையாக ஆராய விரும்பினால் அதற்கு இக்கட்டுப்பாடு தடையாகவும் கூடாது. நான் அஞ்சுவது ஆய்வை அல்ல, ஆய்வுக்கு முந்திக்கொண்டு ஓடும் வியாபாரத்தை.

அறிவித்தல் தமிழிலும் வெளிவந்து, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மருந்தகங்களில் ஒட்டப்படுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி