விரல் வேகம் மட்டுமே இசை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தை நெடுங்காலமாக விரும்பி வாசித்து வருகிறேன். கிட்டார் கலைஞர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர்களின் விரல் வேகமே பெரிதாகப் பேசப்படுவதும், பாடகர் இல்லாத மெட்டல் (கனத்த ஒலியுள்ள ராக் இசை) தொகுப்புகள் வெறும் வித்தை என்று ஒதுக்கப்படுவதும் எனக்கு வருத்தம் தருகின்றன. டோசின் அபாசி என்ற அமெரிக்கக் கலைஞர் 2009இல் ‘அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்பை முழுமையாகக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ரீஃப்ளக்ஸ் என்ற குழுவில் அவர் வாசித்ததைக் கேட்ட இசை நிறுவனம் தனித் தொகுப்பு செய்ய அழைத்தபோது, அவர் உடனே இசையவில்லை. அட்லாண்டாவில் ஓர் இசைக் கல்லூரியில் பயின்றுவிட்டு வந்த பிறகே அந்தப் பணியைத் தொடங்கினார். புகழ் வாசலில் நிற்கும்போது மாணவராகப் போய் அமர எத்தனை பேருக்கு மனம் வரும்? கிட்டார், பாஸ் (அடிநாதம் தரும் தாழ்ந்த ஒலிக் கிட்டார்) இரண்டையும் அவரே வாசிக்க, பெரிஃபெரி குழுவைச் சேர்ந்த மிஷா மன்சூர் தயாரிப்பைக் கவனித்து, டிரம்ஸைக் கணினியில் அமைத்துக் கொடுத்தார்.

அவர் கையாள்வது எட்டுத் தந்தி கிட்டார். வழக்கமான ஆறு தந்தி கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது என்றால், எட்டாவது தந்தி பொதுவான சுருதியில் சுமார் 46 முறைதான் அதிர்கிறது; பாஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்திக்கு அது 41. அதாவது மெட்டும் அடிநாதமும் ஒரே கருவிக்குள் வந்துவிடுகின்றன. பின்னாளில் ஹாவியர் ரெயஸ், மேட் கார்ஸ்ட்கா ஆகியோருடன் மூவர் குழுவாக நிலைபெற்றபோது, பாஸ் கலைஞர் இல்லாமலேயே அவர்களால் மேடையேற முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாஸ் கலைஞர்கள் கட்டைவிரலால் தந்தியை அடித்து ஒலி எழுப்பும் முறையையும் அபாசி கிட்டாரில் கையாண்டார். 2011இல் வந்த ‘வெயிட்லெஸ்’ தொகுப்பின் தொடக்கத்தில் கிட்டாரே தாளக் கருவியாகவும் ஒலிப்பதைக் கேட்கலாம்.

முதல் தொகுப்பின் பன்னிரண்டு உருப்படிகளில் என்னை மிகவும் பாதித்தது ‘கேஃபோ’. ஏராளமான விலங்குகளை நெருக்கமாக அடைத்துத் தீனியிட்டு வளர்க்கும் பண்ணைகளை அமெரிக்காவில் குறிக்கும் சொல்லின் சுருக்கம் அது. பாடல் வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் தலைப்பை அறிந்தபின் கேட்டால், அந்தத் தொடக்க வேகம் வித்தையாகத் தோன்றாமல் மூச்சுமுட்டலாகவே தோன்றுகிறது.

ஆகவே, இத்தகைய தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதும்போது, ஒரு நொடிக்கு எத்தனை சுரங்கள் என்று கணக்கிடுவதோடு நிறுத்திவிடாமல், அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் எழுதுமாறு தங்கள் இசைப் பக்கத்தினரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்