அப்பா யார் கனவில் வருகிறார்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

அப்பாவின் தலைத்திவசத்துக்கு நீங்கள் சுங்கை சிப்புட் வந்து சேரும் முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கருமாதி அன்று அடுக்களையில் பெரியம்மா முதற்கொண்டு எல்லாரும் இருக்கையில், "அப்பா சிரித்த முகமாக என் கனவில் வருகிறார், உனக்கு வரவில்லையா?" என்று கேட்டீர்கள். வடை தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. வருகிறார், அக்கா. உங்களிடம் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும் ரப்பர்ப் பால்மரக்காட்டு அப்பாவாக வருகிறவர், என்னிடம் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிடுபவராகவும் நடுநிசியில் சிறுநீர்ச் சட்டி கேட்பவராகவுமே வருகிறார். நானும் கனவிலேயே அவரைக் கடிந்துகொள்கிறேன். இதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? அவருக்கு யார் மீது பாசம் அதிகம் என்பதற்குக் கனவே சாட்சி என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நீங்கள் மறுக்கவில்லை.

கால்வின் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர், வான் டி காசில் என்பவரோடு சேர்ந்து, கல்லூரி மாணவர்களின் 1,000 கனவுகளில் யார் யார் வந்தார்கள், அவர்கள் சண்டையிட்டார்களா, பரிவு காட்டினார்களா என்று எண்ணி 1966இல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஹாலும் அவர் வழிவந்த வில்லியம் டோம்ஹாஃபும் வந்து சேர்ந்த முடிவு இது: விழித்திருக்கும்போது எவருடைய உறவு நம் மனத்தில் நிறைந்திருக்கிறதோ, அவரே பெரும்பாலும் அதே இணக்கத்தோடும் அதே பிணக்கோடும் கனவிலும் நடமாடுகிறார். அப்படியென்றால் அப்பா நம் இருவரில் எவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. உங்களிடம் இருந்தது தோட்டத்து நினைவு, என்னிடம் இருந்தது நோயாளியின் கட்டில். உங்களுக்கு ஜொகூரில் வேலையும் பிள்ளைகளும் இருந்தன என்பது தெரியும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சிரித்த முகம் உங்களுக்கு மிஞ்சியதே நான் இங்கே இருந்ததால்தான்.

அம்மாவும் அப்பாவும் பால்மர வெட்டுக்குப் போனபின், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் நீங்கள். நீங்கள் மணமாகிப் போன புதிதில் என் கனவெல்லாம் நீங்கள்தான். இப்போது கிளினிக் தாதி வருகிறார், மீன்காரச் சீனர் வருகிறார், நீங்கள் வருவதில்லை. கோபத்தில் எழுதியதாகப் பட்டால் மன்னித்துவிடுங்கள், ஆனாலும் எதையும் அழிக்கப்போவதில்லை.

திவசம் முடிந்ததும் அன்றிரவே பஸ் ஏறாதீர்கள். ஒரு வாரம் தங்கி, அம்மாவுக்கு மருந்து கொடுங்கள், என்னோடு சந்தைக்கு வாருங்கள், தேவையானால் சண்டையும் போடுங்கள்.

உங்கள் தங்கை