வாய்மொழி அனுமதி போதாது: மாநில அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

மாநில அரசுகளின் தலைமைச் செயலாளர்களுக்கும் பணியாளர் நலன் பார்க்கும் துறைகளின் செயலாளர்களுக்கும் வணக்கம்.

அரசு அலுவலகம் ஒன்றில் 14 பேர் கொண்ட பிரிவை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் பிரிவில் ஆவணங்களைச் சரிபார்க்கும் பெண் ஊழியர் ஒருவர் இருந்தார். கோப்புகள் கணினிக்கு மாறியபின் அந்த வேலைக்கு அலுவலக மேசை தேவைப்படவே இல்லை. அவருடைய தாயார் பக்கவாதத்தில் படுத்தபோது, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று அப்போதைய உயர் அதிகாரி சொன்னார். வாயால்தான் சொன்னார். எட்டு மாதங்களில் ஒரு கோப்புகூடத் தேங்கவில்லை. பிறகு அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே இரண்டு வரி மின்னஞ்சலில் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். ஏன் என்று கேட்பதற்கு என் கையில் விதி இல்லை. வேலை கெடவில்லை என்று காட்டுவதற்குக் கணக்கும் இல்லை. 19 ஆண்டு அனுபவத்தோடு அந்தப் பெண் பணியை விட்டுப் போனார்.

புதிய அதிகாரியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வழிகாட்ட எதுவும் இல்லை. ஒருவர் மனமிரங்கிக் கொடுத்ததை அடுத்தவர் ஒரே நாளில் எடுத்துவிட முடிகிறது. தொலைப்பணி, அதாவது அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பது, இப்படி அதிகாரிக்கு அதிகாரி மாறும் தயவாக இருக்கும்வரை ஊழியரும் அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியாது, அரசும் அதிலிருந்து பயன் பெற முடியாது. அதைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவாருங்கள், பொறுப்பான அலுவலர் ஒருவரிடம் ஒப்படையுங்கள், ஆண்டுதோறும் எண்ணுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இது புதுமையான கோரிக்கை அல்ல. 2010 பிப்ரவரியில் கடும் பனிப்பொழிவால் வாஷிங்டனில் அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் நான்கு நாள் மூடிக்கிடந்தன. தொலைப்பணிக்கு ஆதரவாக அதுவரை பேசப்பட்டுவந்த வாதங்களுக்கு அந்த நான்கு நாட்கள் வலுச் சேர்த்தன. அதே ஆண்டு டிசம்பரில் தொலைப்பணி மேம்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது. ஒவ்வொரு நிறுவனமும் தொலைப்பணிக்கென ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும், ஊழியரோடு எழுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டும், ஊழியருக்கும் மேலாளருக்கும் பயிற்சி தர வேண்டும், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும் என்று அது விதித்தது. மேலாளருக்குப் பயிற்சி என்பதைக் கவனியுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் வேலை வாங்குவதும் கண்ணுக்கு எட்டாதவரிடம் வேலை வாங்குவதும் வேறு வேறு திறமைகள். இரண்டாவதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தட்டுத்தடுமாறித்தான் கற்றேன்.

கலிஃபோர்னியா மாநிலம் இதற்கு முன்பே சட்டம் இயற்றியது. எந்தெந்த வேலைகளுக்குத் தொலைப்பணி பயன்படும் என்று ஒவ்வொரு துறையும் ஆராய வேண்டும், 1995 ஜூலை 1-க்குள் திட்டம் வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும், மேற்பார்வைக்கென்று பொதுச் சேவைத் துறையில் ஒரு தனிப்பிரிவு இருக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். இவ்வளவு இருந்தும் 2025 மார்ச்சில், ஜூலை மாதத்திலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் அலுவலகம் வர வேண்டும் என்று ஆளுநர் ஆணை பிறப்பித்தார். தொழிற்சங்கங்களோடு பேச்சுவார்த்தை நடந்தபின் பெரும்பாலான ஊழியர்களுக்கு அது ஓராண்டு தள்ளிப்போனது. அதே 2025 ஆகஸ்டில் மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. துறைகளிடமிருந்து போதிய தகவலைத் திரட்டாமலே ஆணை போடப்பட்டது என்றும், ஊழியர்கள் வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ வீட்டிலிருந்து பணியாற்றினால் அலுவலக இடத்தைக் குறைத்து ஆண்டுக்கு 22.5 கோடி டாலர் வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அது சொன்னது.

அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் பிரிவுதான் நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுப் பழைமையான சட்டம் இருக்கும் இடத்திலேயே கணக்கு கையில் இல்லாமல் முடிவு எடுக்க முடிகிறது என்றால், சட்டமே இல்லாத இடங்களில் என்ன நடக்கும்?

மேற்பார்வை என்ற சொல்லைப் பற்றி உங்களிடம் மன்றாடிக் கேட்க ஒன்று உண்டு. அதைக் கண்காணிப்பு என்று படித்துவிடாதீர்கள். விசைப்பலகையில் எத்தனை முறை விரல் பட்டது, திரை எத்தனை நிமிடம் அசையாமல் இருந்தது என்று எண்ணும் மென்பொருளை வாங்கி ஊழியரின் வீட்டுக்குள் வைப்பது மேற்பார்வை ஆகாது. மனுக்கள் எத்தனை நாளில் தீர்கின்றன, தொலைப்பணி கேட்ட எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, என்ன காரணத்தால் மறுக்கப்பட்டன, அனுமதி பெற்றவர்களில் பதவி உயர்வு கண்டவர்கள் எத்தனை பேர் என்பவற்றையே நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்கப்பட வேண்டியவை துறைகள். ஊழியரின் திரை அல்ல.

பதவி உயர்வைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் புளூம் முதலானோர் நடத்திய சோதனையில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்தும் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் இருப்பதில்லை. சோதனை முடிந்தபின் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை முக்கியமான காரணம். ஆகவே யாரையும் வீட்டில் கட்டிப்போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதே நிறுவனத்தில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் வாரம் இரண்டு நாள் வீடு, மற்ற நாட்கள் அலுவலகம் என்று பின்னர் சோதித்தபோது வேலையின் தரமும் கெடவில்லை, பதவி உயர்வும் குறையவில்லை. பணியை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 2024-இல் வெளியான ஆய்வு இது. என் பிரிவிலிருந்து விலகியவரின் இடத்தில் வந்தவரைப் பழக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று என்பதால், அந்த மூன்றில் ஒரு பங்கின் விலை எனக்குத் தெரியும்.

மின்கட்டணம், இணையக் கட்டணம், இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பு ஆகியவற்றுக்கும் விதி வேண்டும். போர்ச்சுகல் 2021-இல் இயற்றிய சட்டம் தொலைப்பணியால் கூடும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்கிறது. அவசரம் இல்லாதபோது ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்வதையும் தடுக்கிறது. சேவை முகப்பில் மக்களை நேரில் சந்திப்பவர்கள், வாகனம் ஓட்டுபவர்கள், செவிலியர்கள் ஆகியோரால் வீட்டிலிருந்து பணியாற்ற முடியாது. அவர்களுக்கு ஈடாகப் பணிநேரத்தில் நெகிழ்வையாவது கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அலுவலகத்தில் இரண்டு சாதிகள் உருவாகும்.

அடுத்த நிதிநிலை அறிக்கையோடு ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்து வெளியிடுங்கள். துறைவாரியாக எத்தனை பணியிடங்கள் தொலைப்பணிக்குத் தகுதியானவை, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு எழுத்தில் அனுமதி கிடைத்தது, மறுக்கப்பட்டவர்கள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். அப்போது நான் இருந்த நாற்காலியில் இன்று இருப்பவர், புதிதாக வரும் அதிகாரியிடம் அதை எடுத்து நீட்டுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரிவு அலுவலர் ஒருவர்