112ஆம் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

போன முறை வந்தபோது நீ விட்டுப்போன நாவல் நேற்று அலமாரியில் கண்ணில் பட்டது. 112ஆம் பக்கத்தில் ஏதோ ரசீதை மடித்து அடையாளம் வைத்திருக்கிறாய். ஏழு மாதமாகிறது. "படிக்கவே நேரமில்லை அம்மா, எழுதுவதெல்லாம் மறந்தே போச்சு" என்று போனில் நீ சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன், ஆனால் மனசு ஆறவில்லை.

உனக்கு நேரமில்லை என்பது உண்மைதான். மனமிருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், அப்படி என்னிடம் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நீ சின்னவளாக இருந்தபோது, ஒரு முழு நாள் ஓய்வாகக் கிடைக்கட்டும், உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று காத்திருந்தே ஒன்பது வருடம் போய்விட்டது. நடுவில் அப்படி ஓரிரு நாட்கள் கிடைக்கத்தான் செய்தன. எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், சாயங்காலம் வரை துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது நேரத்தைவிடக் குறைவாக இருந்தது தெம்பு. எல்லாரும் தூங்கின பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தேன், அந்த வேளையில் எனக்குள் எதுவும் மிச்சமிருக்காது, பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிடுவேன். அதை விடிகாலை இருபது நிமிடமாக மாற்றிய பிறகுதான் பக்கங்கள் நகர்ந்தன. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் எடிட்டர் வேலையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் எழுதியவர். அவருக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வேலை பார்த்துக்கொண்டே எழுதியதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. உனக்கு இரவில்தான் தெம்பு என்றால் இரவே இருக்கட்டும், எழுத்தாளர் காஃப்கா பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரவில்தான் எழுதினார். எந்த வேளை என்பதை உன் உடம்பைக் கேட்டு முடிவு செய்.

படிப்பதற்கு நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், கால் மணியோ இருபது நிமிடமோ ஆகும். வருடத்துக்கு 3,650 பக்கம், 250 பக்கப் புத்தகம் என்றால் பதினான்குக்கும் மேல். நாலு நாள் விட்டுப்போனால் போகட்டும், விட்டதைச் சேர்த்துப் படிக்க உட்காராதே, அது கடன் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அந்தப் போன். படுக்கும்போது தலைமாட்டில் புத்தகம் இருக்கட்டும், போன் அடுத்த அறையில் கிடக்கட்டும். கைக்கு எது எட்டுகிறதோ அதைத்தான் எடுப்போம்.

எழுதுவதற்கு இப்போதைக்கு மூன்று வரி போதும். குழந்தை இன்று புதிதாகச் சொன்ன சொல்லை எழுது. நீ முதன்முதலில் தப்பும் தவறுமாகச் சொன்ன சொற்களை எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது, அவற்றில் பாதி எனக்கே மறந்திருந்தது. இன்னொன்று, அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடு. மறுநாள் வெறுந்தாளைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது.

நாவலை நாளைக்கு அனுப்புகிறேன். நேற்று ராத்திரியே முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, இன்று மத்தியானம் உன் ரசீது இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். கதையில் அந்தக் கடிதத்தை அவள் பிரிக்கப் போகும் நேரம் பார்த்தா நீ நிறுத்தினாய்! எனக்கு இன்னொரு பிரதி வாங்கிக்கொள்கிறேன். உனக்குப் புத்தகம் வந்து சேர்ந்ததும் சொல், அதுவரை நானும் 112லேயே இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா