வழியில் தொலைந்த காமா கதிர்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"விண்வெளி காலிதானே அண்ணா, காமா கதிர் எங்கே போய்த் தொலையும்?" என்று கேட்டிருந்தாய். அது அவ்வளவு காலி இல்லை. இதுவரை எரிந்த விண்மீன்களின் ஒளியும், அந்த ஒளியில் சூடான தூசு உமிழ்ந்த அகச்சிவப்பும் விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே இன்னும் பரவிக் கிடக்கின்றன. மிக உயர் ஆற்றல் ஒளியான காமா கதிருக்கு இந்தப் பின்னணி ஒளிதான் எமன்.

காமா போட்டானும் (ஒளித்துகள்) அகச்சிவப்பு போட்டானும் மோதினால் இரண்டும் மறைந்து, ஓர் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்கலாம். இயற்பியலாளர்கள் பிரைட்டும் வீலரும் 1934-இலேயே போட்டுவைத்த கணக்கு இது. 1 டெரா எலெக்ட்ரான்வோல்ட் (ஒரு லட்சம் கோடி எலெக்ட்ரான்வோல்ட்) ஆற்றலுள்ள காமா கதிரை அதிகம் விழுங்குவது 1 மைக்ரானை ஒட்டிய அலைநீள ஒளி. 10 டெரா என்றால் 12 மைக்ரான் பக்கம்.

சரி, இழப்புதானே என்று விட்டுவிடாதே. இழப்பையே அளவுகோலாக்கியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பின்னணி அகச்சிவப்பை நேரடியாக அளப்பது பெரும்பாடு. சூரியக் குடும்பத்துத் தூசியின் ஒளியே அதை மூழ்கடித்துவிடும். அப்படியும் அளந்தவர்கள் சிலருக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது. மிச்ச ஒளி முதல் தலைமுறை விண்மீன்களுடையது என்றும் பேச்சு எழுந்தது.

நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் 1ஈஎஸ் 1101-232 என்ற பிளேசாரைப் (நம்மை நோக்கித் துகள் தாரையைப் பீய்ச்சும் பெருங்கருந்துளை கொண்ட விண்மீன் மண்டலம்) பார்த்தன. இவை காமா கதிரை நேராகப் பார்ப்பதில்லை. அது வளிமண்டலத்தில் மோதும்போது சில நானோநொடிகளே மின்னும் நீலநிறச் செரன்கோவ் ஒளியைப் பிடிக்கின்றன. அந்தப் பிளேசார் இருப்பது 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால். பின்னணி ஒளி அவ்வளவு அடர்த்தி என்றால் உயர் ஆற்றல் கதிர்களில் பெரும்பகுதி வழியிலேயே போயிருக்க வேண்டும். ஆனால் தாராளமாக வந்து சேர்ந்திருந்தன. அதையும் மீறி அடர்த்திதான் என்று அடம்பிடித்தால், பிளேசார் புறப்படும் இடத்தில் நம்ப முடியாத அளவு உயர் ஆற்றல் கதிர்களைக் கொட்டியிருக்க வேண்டும். ஆக, 2006-இல் வந்த முடிவு: பின்னணி ஒளி, எண்ணிப் பார்த்த விண்மீன் மண்டலங்கள் தரும் ஒளியைவிடப் பெரிதாக அதிகம் இல்லை.

அப்புறம், நீ கேட்ட 2022 அக்டோபர் 9 காமா வெடிப்பு. சீனாவின் லாசோ ஆய்வகம் முதலில் 18 டெரா வரை என்றது. வெடிப்பு நடந்த தொலைவிலிருந்து அப்படி ஒன்று தப்பி வருவது அரிது என்பதால், ஆக்சியான் போன்ற, இன்னும் கண்டுபிடிக்கப்படாத புதுத் துகளாக வழியில் மாறித் தப்பியதோ என்று கட்டுரைகள் குவிந்தன. பின்னர் வந்த விரிவான ஆய்வு 13 டெராவரை என்றே பேசியது. ஆக்சியானுக்கு நான் இன்னும் பந்தயம் கட்டமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்