ஜெனரேட்டருக்கு அட்வான்ஸ், எங்களுக்குப் பொன்னாடை

நீலகிரியில் மேடை போடுகிற ஊர்த் திருவிழாக் கமிட்டி அண்ணன்மாருக்கும், கலைவிழா நடத்தும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும், ரிசார்ட், ஹோம்ஸ்டே நடத்துகிற ஐயாமார் அம்மாமாருக்கும்,

வணக்கம். பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான ஒரு லைன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருஷமாக ராப் பாடுகிறேன். பீட் போடுகிற நண்பன் ஒருவன், பகலில் கூடலூரில் ஜீப் ஓட்டுகிறான். கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, எங்கள் இரண்டு பேரையும் விட நன்றாக எழுதுவாள். மூன்று பேரும் சேர்ந்து எங்கள் பாட்டை நாங்களே வெளியிட ஒரு சின்ன லேபிள் நடத்துகிறோம். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இதை விளம்பர நோட்டீஸ் என்று மடித்து வைத்துவிடுவீர்கள்.

போன சீசனில் ஒரு விழா. எந்த ஊர் என்பது வேண்டாம். மாலை ஏழரைக்கு உங்கள் நிகழ்ச்சி என்றார்கள். ஏழரைக்கு வரவேற்புரை தொடங்கியது. பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்கு ஒருவர் திரும்பப் போர்த்தினார். நான் மேடை ஏறும்போது மணி ஒன்பது நாற்பத்தைந்து. பத்து அடித்ததும் மைக்கை நிறுத்திவிட்டார்கள். பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. அதில் எனக்குச் சண்டை இல்லை, காட்டை ஒட்டி வாழ்கிற நாம் மற்றவர்களை விடக் கூடுதலாகவே அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த விதி காலையிலும் இருந்தது. பேச்சாளர்கள் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

நான்கு பாட்டு தயார் செய்து போயிருந்தேன். இரண்டாவது பாட்டின் ஹூக்கில், அதாவது திரும்பத் திரும்ப வருகிற வரியில், கரண்ட் போன மாதிரி எல்லாம் நின்றது. கீழே இறங்கினால் ஒரு பொன்னாடை, ஒரு எலுமிச்சம்பழம். பேமென்ட் பற்றிக் கேட்டபோது, “தம்பி, இவ்ளோ கூட்டத்துக்கு முன்னாடி பாடறதே உனக்கு ஒரு சான்ஸ்தானே” என்றார் ஒருவர். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர்காரர் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். அட்வான்ஸ் போன வாரமே வாங்கியாச்சாம், இது பாக்கி. “உங்களுக்கு எவ்ளோ தம்பி?” என்று கேட்டார். பொன்னாடையைக் காட்டினேன். சிரித்துவிட்டு, பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் தன் டெம்போவில் கூடலூர் வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டீசல் இல்லாமல் மேடை ஓடாது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பாடகனுக்கும் டீசல் வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என்ன பெரிய செலவு, போனில் பாடிப் போடுகிறாய் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் ஸ்டுடியோவைக் காட்டுகிறேன். லைன் வீட்டின் உள்ளறை. சுவர் முழுக்கக் கம்பளி, பழைய மெத்தை. மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸும் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. கூரை தகரம். தேவாலாவிலும் பந்தலூரிலும் ஜூனில் மழை பிடித்தால் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி முடியும் வரை குரல் எடுக்கவே முடியாது, தகரத்தில் கொட்டுகிற சத்தம்தான் டிராக்கில் ஏறும். எழுதுவதும் பீட் போடுவதும் மழைக்காலத்து வேலை. ரெக்கார்டிங் தையிலிருந்து சித்திரைக்குள். அப்போதும் ராத்திரி ஒன்பதுக்கு மேல் சில்வண்டு ஆரம்பித்துவிடும். ஒரு பாட்டில் அதை எடுக்கவே முடியாமல் அப்படியே விட்டோம். சென்னையிலிருந்து ஒரு ப்ரொட்யூசர், “அந்த ஷேக்கர் சவுண்ட் எந்த சாம்பிள் பேக்?” என்று மெசேஜ் போட்டார். எங்கள் ஊர்ப் பூச்சி என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அதற்கு மேல் மிக்ஸிங், மாஸ்டரிங், கவர் படம், பாட்டை ஆப்களில் ஏற்றிவிடுகிற விநியோகஸ்தருக்கு வருஷக் கட்டணம். முதல் பாட்டில் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருந்த ஒரு பீட்டை எடுத்துப் பாடினேன். பாட்டு கொஞ்சம் ஓடியதும் பீட்காரர் உரிமை கோரினார். லாபம் பார்க்காத வரைக்கும்தான் ஃப்ரீ என்று கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. தப்பு என்னுடையது, படிக்கவில்லை. அதன் பிறகுதான் சொந்த பீட், சொந்த லேபிள் என்று இறங்கினோம். பாட்டு வெளியாகும் முன்னாலேயே யாருக்கு எத்தனை சதவீதம் என்று தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிறோம். நடப்புக் கணக்கு தொடங்கப் போனபோது மேனேஜர், “என்ன வியாபாரம்?” என்றார். பாட்டு என்றேன். “கேசட் கடையா?” என்றார். பேசிப் புரியவைத்து வெளியே வர அரை நாள் ஆனது.

இந்த எழுதி வைக்கிற பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும்போது அம்மாவின் கண் தராசின் சிவப்பு எண்ணை விட்டு அசையாது. ஈரத்துக்கு இத்தனை கழிவு, சாக்குக்கு இத்தனை என்று அவர்கள் எழுதுவதை எழுதட்டும், ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து ஒரு குட்டி நோட்டில் தன் கணக்கைத் தனியாகக் குறித்துவைக்கும். படித்தது இரண்டாம் வகுப்பு. மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடும்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்த எண்ணுக்குள் என் அப்பாயியும் ஒரு ஆள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் இந்தக் குளிரில் வந்து நின்றது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலை போடத் தொடங்கியது. அதுவே பின்னாளில் டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். ஐந்தேகால் லட்சம் பேரைப் பற்றிய தாளில் அவர்களில் ஒருவருடைய கைநாட்டும் கிடையாது. நம்மைக் கேட்காமல் நம்மைப் பற்றிப் பேசி முடிப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் தெரியும். நீங்கள் என் பாட்டை வீடியோ எடுக்கும்போது எனக்கு ஏன் சுருக்கென்கிறது என்று இப்போது புரியும் என்று நம்புகிறேன்.

அந்த வீடியோ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு ரிசார்ட்டில் கேம்ப் ஃபயர் பக்கத்தில் நின்று பாடினேன். மறுநாள் அவர்கள் பக்கத்தில் ரீல் வந்தது. என் குரல், என் வரி, மூலையில் அவர்கள் லோகோ, கீழே ‘லோக்கல் டேலண்ட்’ என்று ஒரு வரி. “யார் இந்தப் பையன்?” என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரு இதயப் பொம்மைதான் பதில். பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எங்களுக்குக் குறைகிறது. ஒரு பாட்டை 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்டிருந்தால்தான் ஸ்பாட்டிஃபை என்கிற பாட்டு ஆப் அதற்குக் காசு கணக்கிடும். 2024இலிருந்து அப்படி. யூடியூபில் வழக்கமான வீடியோவுக்கு விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர்கள், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். உங்கள் பக்கத்தில் எங்கள் பாட்டை ஆயிரம் பேர் பார்த்தால் அந்த ஆயிரம் உங்கள் கணக்கில் ஏறும், எங்கள் கணக்கில் சைபர். ஒரு பெயரும் ஒரு லிங்க்கும் போட்டிருந்தால் அதில் நூறு பேராவது எங்கள் பக்கம் வந்திருப்பார்கள்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். மேடையில் பாடுவதை ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்ய அனுமதி தருகிற உரிமை பாடுகிறவருக்கு உண்டு, பாடியது இவர்தான் என்று பெயர் சொல்லப்படுகிற உரிமையும் உண்டு. பாட்டின் உரிமையை எழுதி வாங்கும்போது எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் அது ஐந்து வருஷம் என்றுதான் பொருள். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்று இரண்டு பக்கம் இங்கிலீஷில் நீட்டுகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ‘உலகம் முழுக்க, நிரந்தரமாக’ என்று மறக்காமல் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நான் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கப்போவதில்லை. கூடலூர் கோர்ட்டுக்குப் போகிற பஸ் செலவுக்கே யோசிக்கிறவன்.

எந்த மேடைக்குப் போனாலும் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடச் சொல்கிறீர்கள். 2021 மார்ச்சில் அது வந்தபோது எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் குடும்பத்தின் கதையிலிருந்து ராப் பாடகர் அறிவு எழுதியது அது. அப்பாயி போனைக் காதருகே வைத்துக் கேட்டது. அதே பாட்டுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பேர் பார்த்த பாட்டுக்கே அந்த நிலைமை என்றால், பந்தலூரில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறவன் தாளும் பேனாவுமாகத் திரிவதில் என்ன தப்பு? அதைப் பாடச் சொல்லுங்கள், பாடுகிறேன். அதோடு எங்கள் சொந்தப் பாட்டு இரண்டுக்கும் இடம் விடுங்கள். ஹட்டி என்கிற படுகர் ஊர்களில் படுகப் பாட்டு பாடுகிற என் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

ராப் நம்ம கலாச்சாரமா என்று ஒரு பெரியவர் மைக்கிலேயே கேட்டார். மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா ராப் குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்தது 2006இல். அது வந்து வளர்ந்து கல்யாண வீட்டு டிஜே வரைக்கும் போய்விட்டது ஐயா. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஓசை ஒத்து வந்தால் அதை இயைபு என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் சொல்லித்தந்தார். நாங்கள் ரைம் என்கிறோம்.

எல்லாரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. போன மாசியில் எங்கள் எஸ்டேட்டுக்கு அடுத்த எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் பாடினோம். ரிசார்ட்டைப் போல வசதியான இடம் கிடையாது, வசூல் முழுக்க லைன் வீடுகளில் வாங்கிய ஐம்பதும் நூறும்தான். ஏழு மணிக்கு என்று சொல்லி ஏழு ஐந்துக்கு மேடை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வரவுசெலவு வாசிக்கும்போது அம்மாவும் போயிருந்தது. கமிட்டித் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாராம்: பூ மாலை 2,300. ஜெனரேட்டர் 4,500. ராப் பாட்டு, மூணு பேர், 5,000. அம்மா வீட்டுக்கு வந்து தன் குட்டி நோட்டிலும் அதை எழுதி வைத்திருக்கிறது, கொழுந்துக் கணக்குக்குக் கீழே.

அந்த ஒரு வரிதான் உங்கள் எல்லாரிடமும் கேட்பது. பெரிய தொகை வேண்டாம், உங்களால் முடிந்ததை முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். அதில் பாதி அட்வான்ஸ். வீடியோ எடுப்பதென்றால் ஒரு வார்த்தை கேட்டு, பெயரைப் போட்டு எடுங்கள். காசே இல்லாத நல்ல காரியம் என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்துக்கும் ரத்ததான முகாமுக்கும் சும்மாவே வந்து பாடியிருக்கிறோம், இனியும் வருவோம்.

அடுத்த சீசனுக்குப் புதிதாக ஆறு பாட்டு கையில் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு மேல் மட்டும் நேரம் தர வேண்டாம். பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றுவிடும், கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும், பிறகு தேவாலா ரோட்டில் நாங்களும் யானையும்தான்.

இப்படிக்கு,
பந்தலூர் பக்கத்து ராப் பாடகன்